குன்னூரிலிருந்து ஊட்டிக்கு சைக்கிளில் வேலைக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும்?

கேள்வி இது: "கோவையில் இருந்தபோது 16 கிமீ தூரத்தை 50 நிமிடத்தில் சைக்கிளில் போய் வந்துகொண்டிருந்தேன். இப்போது வேலை ஊட்டியில், சேரிங் கிராஸ் பக்கம். வீடு குன்னூர் பஸ் ஸ்டாண்டுக்கு அருகில் கிடைத்திருக்கிறது. 18 கிமீ தானே, ஒரு மணி நேரம் வைத்துக்கொண்டால் 9.30 மணி ஆபீசுக்குப் போய்விட முடியுமா? தினமும் இது சாத்தியமா?"

முதலில் நேரடியாகப் பதில் சொல்லிவிடுகிறேன். ஒரு மணி நேரம் போதாது. காலையில் குன்னூரிலிருந்து ஊட்டிக்கு ஏற ஒன்றரை மணி நேரம் ஆகும். முதல் மாதம் இரண்டு மணி நேரம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மாலையில் திரும்பி வர 45 நிமிடம், மெதுவாக வந்தால் 50. தினமும் சாத்தியமா என்றால், சாத்தியம்தான். நான் நான்கு வருடம் குன்னூரிலிருந்தே போய் வந்தேன். அப்புறம் வீட்டை வழியிலேயே இருக்கிற எல்லநள்ளிக்கு மாற்றிக்கொண்டு இன்று வரை போய்க்கொண்டிருக்கிறேன். ஆனால் கோவைக் கணக்கை இங்கே கொண்டுவந்தால் முதல் வாரத்திலேயே சைக்கிளைச் சுவரில் சாய்த்து வைத்துவிடுவீர்கள். அப்படி நிறைய பேரைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குக் காலில் பலம் இல்லாமல் இல்லை. நேரத்தைத் தப்பாகப் போட்டு, மூன்று நாள் தாமதமாகப் போய், மேலதிகாரியிடம் பேச்சு வாங்கி, நான்காம் நாள் பஸ் ஏறிவிட்டார்கள்.

நீலகிரியில் ஒரு ஊருக்கு சைக்கிளில் எவ்வளவு நேரம் என்று கேட்டால், எத்தனை கிலோமீட்டர் என்று பார்க்காதீர்கள். எத்தனை மீட்டர் ஏற வேண்டும் என்று பாருங்கள். குன்னூர் ரயில் நிலையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,710 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அருவங்காடு சுமார் 1,890. கேத்தி சுமார் 2,090. ஊட்டி ரயில் நிலையம் சுமார் 2,200. குன்னூருக்கும் ஊட்டிக்கும் வித்தியாசம் 490 மீட்டர்தான் என்று தோன்றும். ஆனால் ஊட்டிக்கு முன்னால் ரோடு ஒரு மேட்டைத் தாண்டித்தான் ஊருக்குள் இறங்குகிறது. வழியில் அங்கங்கே சின்ன இறக்கங்கள் வேறு. இறங்கினதை மறுபடி ஏற வேண்டும் இல்லையா? எல்லாம் சேர்த்து நான் 550 மீட்டர் என்று கணக்கு வைக்கிறேன்.

சரி, 550 மீட்டர் ஏற எவ்வளவு நேரம்? சமவெளியில் நீங்கள் மணிக்கு 20 கிமீ வேகத்தில் போகும்போது உங்கள் கால்கள் கொடுக்கும் சக்தி 80 முதல் 100 வாட். அது அத்தனையும் காற்றைத் தள்ளவும் டயர் உருளவும்தான் செலவாகிறது. மலையில் வேகம் குறைந்துவிடுவதால் காற்று ஒரு பொருட்டே இல்லை. ஆனால் நீங்கள், சைக்கிள், பை எல்லாம் சேர்ந்து 80 கிலோ என்றால், அந்த 80 கிலோவையும் ஒவ்வொரு மீட்டராகத் தூக்க வேண்டும். 100 வாட் கொடுக்கும் ஆள், டயர் உருள்வதற்குப் போனது போக, மணிக்கு சுமார் 350 மீட்டர் உயரம் ஏறுவார். இதுதான் நான் எல்லோருக்கும் சொல்லும் கணக்கு: 350 மீட்டர் ஏற்றத்துக்கு ஒரு மணி நேரம். 550-ஐ 350-ஆல் வகுத்தால் ஒன்றரை மணிக்குக் கொஞ்சம் மேலே வருகிறது. நானும் இரண்டாவது மாதத்தில் இந்த நேரத்துக்குத்தான் வந்து சேர்ந்தேன். ஒரு வருடம் பழகினவர் மணிக்கு 450 மீட்டர் ஏறுவார். அவருக்கு ஒன்றேகால் மணி. அதற்கு மேல் வேகமாகப் போவது பயிற்சி செய்கிறவர்களின் வேலை. அந்த வேகத்தில் போனால் ஆபீசில் உட்கார்ந்து வேலை பார்க்க முடியாது.

இதே கணக்கை மற்ற ஊர்களுக்கும் போட்டுப் பாருங்கள். மேட்டுப்பாளையம் சுமார் 325 மீட்டர். அங்கிருந்து குன்னூர் கிட்டத்தட்ட 1,390 மீட்டர் ஏற்றம், அதாவது நான்கு மணி நேரம். ஞாயிற்றுக்கிழமை ஆசைக்கு ஏறலாம், வேலைக்கு ஆகாது. கூடலூரிலிருந்து ஊட்டி 50 கிமீ, ஏற்றம் ஆயிரம் மீட்டருக்கு மேல். அதுவும் ஆகாது. ஊட்டிக்குள்ளேயே பிங்கர்போஸ்டிலிருந்து சேரிங் கிராஸ் வரை என்றால் கால் மணி, இருபது நிமிடத்தில் முடிகிற காரியம். நியாயமாகப் பார்த்தால் ஊட்டி டவுனுக்குள் வேலை பார்க்கிற பாதிப் பேர் சைக்கிளில் போகலாம். ஏன் போவதில்லை என்பது எனக்கு இன்னமும் வருத்தம்தான்.

உங்கள் வழிக்கு வருவோம். குன்னூர்–ஊட்டி ரோடு மற்ற மலை ரோடுகளைப் போலப் பயமுறுத்துகிற ரோடு இல்லை. அதற்கு ரயிலே சாட்சி. மேட்டுப்பாளையத்திலிருந்து வருகிற மலை ரயில் கல்லாறுக்கு மேல் குன்னூர் வரை பல் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டுதான் ஏறுகிறது. சரிவு 12 அடிக்கு ஒரு அடி. 1899-இல் குன்னூர் வரை வந்த பாதையை 1908-இல் ஊட்டிக்கு நீட்டியபோது பல் தண்டவாளம் போடவில்லை. தேவைப்படவில்லை. அந்தப் பகுதியில் சரிவு அதிகபட்சம் 23-க்கு ஒன்றுதான். ரோடும் ஏறக்குறைய அந்த ரயிலை ஒட்டியே போகிறது. சில இடங்களில் அதைவிடச் செங்குத்தாக இருக்கும் என்றாலும், சராசரியாக 100 மீட்டருக்கு மூன்று மீட்டர்தான் ஏற்றம். சரியான கியர் இருந்தால் உட்கார்ந்தபடியே மிதிக்கலாம். இன்னொரு விஷயம், அந்த ரயில் குன்னூரிலிருந்து ஊட்டிக்கு எடுத்துக்கொள்ளும் நேரமும் கிட்டத்தட்ட ஒன்றேகால் மணிதான். எல்லநள்ளி பக்கம் சில நாள் காலையில் அதன் ஊதல் கேட்கும்போது எனக்கு ஒரு தோழனின் குரல் மாதிரி இருக்கும். நம் வேகத்தில் வருகிற ஒன்று மலையில் அது மட்டும்தான்.

முதல் கட்டம் குன்னூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து வெலிங்டன் வரை. உடம்பு சூடாகாத நேரம் என்பதால் தூரத்தைவிட இது கஷ்டமாகத் தெரியும். இங்கே அவசரப்பட்டீர்கள் என்றால் எல்லநள்ளியில் மூச்சு வாங்கும். பேசிக்கொண்டே போக முடிகிற வேகத்தில் போங்கள். பக்கத்தில் ஆள் இல்லாவிட்டாலும் ஒரு வரி பாட்டு முணுமுணுத்துப் பாருங்கள், வந்தால் சரியான வேகம். வெலிங்டனிலிருந்து அருவங்காடு வரை ராணுவப் பகுதி. மர நிழலும் நல்ல ரோடும் இருக்கும். ஆனால் ஷிப்ட் நேரத்தில் வெடிமருந்துத் தொழிற்சாலைக்குப் போகிற டூவீலர்கள் கூட்டமாக வரும். அருவங்காட்டிலிருந்து எல்லநள்ளி வரைதான் உண்மையான ஏற்றம். இந்தப் பயணத்தின் முதுகெலும்பு இதுதான். வாட்சைப் பார்க்காமல் மிதியுங்கள்.

எல்லநள்ளிக்கு வந்துவிட்டால் தூரத்தில் ஏறக்குறைய பாதிதான் ஆகியிருக்கும். ஆனால் ஏற்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு முடிந்திருக்கும். இங்கே ஒரு டீ குடிக்க ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள், வர்க்கியோடு. அந்த ஊட்டி வர்க்கிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கு ரொம்ப காலம் முன்பிருந்தே என்னைப் போன்றவர்களை ஏற்றம் ஏற்றிக்கொண்டிருக்கிறது. டீ குடிப்பதைச் சோம்பேறித்தனம் என்று நினைக்காதீர்கள். ஒரு தடவை குன்னூரிலிருந்து ஊட்டிக்கு ஏற உடம்பு 500 கலோரிக்கு மேல் செலவழிக்கிறது. காலையில் நான்கு இட்லி மட்டும் சாப்பிட்டுக் கிளம்பினால் அது லவ்டேல் வரைக்கும் தாங்காது. நான் கிளம்பும்போது இரண்டு வாழைப்பழம், எல்லநள்ளியில் வர்க்கியும் டீயும், ஆபீஸ் போய்ச் சேர்ந்ததும் டிபன் என்று பிரித்துக்கொண்டேன். தண்ணீரை வீட்டிலிருந்தே எவர்சில்வர் பாட்டிலில் கொண்டுபோய்விடுங்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு மாவட்டத்தில் தடை இருக்கிறது, வழியில் வாங்கலாம் என்று நம்பி வராதீர்கள்.

இங்கே கேரட் வண்டிகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கேத்தி பாலாடா பக்கம் ராத்திரியே கேரட் பிடுங்கி, கழுவி, மேட்டுப்பாளையம் மண்டிக்கு லாரியில் ஏற்றுவார்கள். கழுவிய ஈரத்தோடு போகிற வண்டியிலிருந்து சேறு கலந்த தண்ணீர் ரோட்டில் சொட்டிக்கொண்டே போகும். மழை பெய்யாத நாளிலும் வளைவில் செம்மண் பூச்சு மாதிரி மெல்லிசாக ஒரு வழுக்கல் இருக்கும். ஏறும்போது ஒன்றும் தெரியாது. இறங்கும்போது அதே வளைவில் முன் பிரேக்கைப் பிடித்தால் சக்கரம் சறுக்கிவிடும். எனக்குச் சறுக்கியிருக்கிறது, முழங்கையில் தழும்பு இன்னும் இருக்கிறது. வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவுக்குள் பிரேக்கைத் தொடாமல் திரும்புவதுதான் வழி.

எல்லநள்ளிக்கு மேல் ஏற்றம் கொஞ்சம் கொஞ்சமாகத் தளரும். வேலி வியூ பக்கம் வரும்போது இடது கைப்பக்கம் கேத்திப் பள்ளத்தாக்கு முழுசாகத் திறக்கும். ஹட்டி என்று சொல்கிற படுகர் ஊர்களின் வீடுகள் வரிசை வரிசையாக, மேகம் கீழே, நீங்கள் மேலே. நின்று பார்க்க இரண்டு நிமிடம் ஒதுக்கினால் தப்பில்லை. அப்புறம் லவ்டேல் பிரிவு, நொண்டிமேடு, ஊருக்குள் இறக்கம். கடைசி சில கிலோமீட்டர் பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

இப்போது சைக்கிள். கோவையில் நீங்கள் ஓட்டினது கியர் இல்லாத பெரிய சைக்கிள் என்றால் அதை அங்கேயே விட்டுவிடுங்கள். அந்த சைக்கிளில் முன் செயின் சக்கரத்தில் 44 பல், பின் செயின் சக்கரத்தில் 18 பல் இருக்கும். மிதியை ஒரு சுற்று சுற்றினால் ஐந்து மீட்டருக்கு மேல் போகும். ஏற்றத்தில் மணிக்கு ஏழு கிமீ வேகத்தில் போகும்போது நிமிடத்துக்கு இருபது சுற்றுக்குச் சற்று மேல்தான் வரும். ஒவ்வொரு சுற்றும் மாடிப்படி ஏறுவது போல உடம்பு எடை முழுவதையும் போட்டு மிதிக்க வேண்டும். அது முழங்காலைத் தின்றுவிடும். முன்னால் 28 பல்லோ அதற்குக் குறைவோ, பின்னால் 28 முதல் 34 பல் வரை இருக்கிற கியர் சைக்கிள் வாங்குங்கள். ஒரு சுற்றுக்கு இரண்டு மீட்டர் போனால் போதும். அதே ஏழு கிமீ வேகத்தில் நிமிடத்துக்கு ஐம்பது, அறுபது சுற்று வரும். கால் லேசாக இருக்கும், மூச்சு சீராக இருக்கும். கடையில் 21 கியர், 24 கியர் என்று எண்ணிக்கையைச் சொல்லி விற்பார்கள். எண்ணிக்கை முக்கியமில்லை, முன்னால் இருக்கிற சின்னச் சக்கரத்தில் எத்தனை பல், பின்னால் இருக்கிற பெரிய சக்கரத்தில் எத்தனை பல் என்று எண்ணிப் பார்த்து வாங்குங்கள்.

எடை விஷயத்தில் கஞ்சமாக இருங்கள். மொத்தம் 80 கிலோ ஏறுகிற இடத்தில் நான்கு கிலோ பை என்பது இருபதில் ஒரு பங்கு. ஒன்றரை மணி நேரத்தில் அது நாலைந்து நிமிடம். அதனால் ஷூ, இரண்டு பேண்ட், துண்டு, சோப்பு இவற்றை ஆபீசிலேயே வைத்துவிடுங்கள். நான் வாரத்தில் ஒரு நாள், திங்கட்கிழமை, பஸ்ஸில் போவேன். அன்றைக்கு ஐந்து சட்டையையும் மடித்துக் கொண்டுபோய் வைத்துவிட்டு, போன வாரத்து அழுக்கைக் கொண்டுவந்துவிடுவேன். மற்ற நான்கு நாளும் பையில் மதியச் சாப்பாடும் மழைக்கோட்டும் மட்டும்தான். வாரத்தில் ஒரு நாள் காலுக்கு ஓய்வும் கிடைத்தது. எல்லா நாளும் ஏறியே தீருவேன் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள்.

மூச்சைப் பற்றி ஒரு வார்த்தை. கோவை 400 மீட்டரை ஒட்டிய உயரத்தில் இருக்கிறது. ஊட்டியில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் நான்கில் மூன்று பங்குக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். தண்ணீரே இங்கே 93 டிகிரியில் கொதித்துவிடுகிறது. அதனால்தான் குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது. நுரையீரலுக்கும் அதே கதை. வந்த முதல் இரண்டு, மூன்று வாரம் படி ஏறினாலே மூச்சு வாங்கும். அந்த வாரங்களில் சைக்கிளைத் தொடாமல் நடந்து பழகுங்கள். ரத்த அழுத்தமோ இதயப் பிரச்சினையோ இருந்தால் டாக்டரைக் கேட்காமல் ஏறவே ஏறாதீர்கள்.

ஏற்றத்தைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். இறக்கத்தைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. ஆனால் விழுகிறவர்கள் எல்லாம் விழுவது இறக்கத்தில்தான். காலையில் ஒன்றரை மணி நேரம் மிதித்து நீங்கள் சேர்த்துவைத்த சக்தி மாலையில் 45 நிமிடத்தில் எங்காவது போயாக வேண்டும். 80 கிலோவை 550 மீட்டர் உயர்த்துகிற சக்தி ஒன்றேகால் லிட்டர் தண்ணீரைக் குளிர்ந்த நிலையிலிருந்து கொதிக்க வைக்கப் போதும். அதில் பெரும்பகுதியைக் காற்று எடுத்துக்கொள்ளும். டயர் உருள்வதற்குப் போனது போக மீதி பிரேக்கில் சூடாகத்தான் இறங்கும். பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே இறங்கினால் ரிம்மும் கட்டையும் கொதிக்கும். கொஞ்சம் விட்டு, கொஞ்சம் பிடித்து, முன்னும் பின்னுமாக மாற்றி மாற்றிப் பிடியுங்கள்.

மழைக்காலத்தில் ரப்பர் கட்டை பிரேக் எப்படித் தேயும் என்பதை நான் அனுபவத்தில்தான் கற்றேன். ஒரு அக்டோபரில் புதுசாக மாட்டின கட்டை மூன்றே வாரத்தில் தீர்ந்துபோனது. மழையில் இறங்கி வந்து சைக்கிளை நிறுத்தினால் ரிம்மிலிருந்து கறுப்புச் சாறு மாதிரி வழியும். ரப்பரும் மண்ணும் அலுமினியத் தூளும் கலந்த சாறு. விரலில் தொட்டுத் தேய்த்தால் நறநற என்று இருக்கும். அந்த நறநறப்புதான் கட்டையையும் ரிம்மையும் சேர்த்து அரைக்கிறது. அன்று மாலை அருவங்காட்டுக்கு மேலே லீவரை இழுக்கிறேன், அது ஹேண்டில்பாரில் போய் முட்டுகிறது, சைக்கிள் நிற்கவில்லை. காலைத் தரையில் தேய்த்து, மண் பக்கம் ஒதுக்கி, ஒரு மைல் கல்லைப் பிடித்து நிறுத்தினேன். மறுநாளே டிஸ்க் பிரேக் சைக்கிளுக்குப் பணம் சேர்க்க ஆரம்பித்தேன். நீங்கள் வாங்கும்போதே டிஸ்க் பிரேக்காக வாங்குங்கள். மற்ற எந்தச் செலவைக் குறைத்தாலும் இதில் குறைக்காதீர்கள். டிஸ்க் ஆனாலும் மழைக்காலத்தில் மாதம் ஒரு முறை கட்டையைக் கழற்றிப் பாருங்கள்.

குளிரும் இறக்கத்தில்தான் கடிக்கும். ஏறும்போது பத்து டிகிரிக் குளிரில்கூட ஸ்வெட்டர் தேவைப்படாது, சட்டை நனைந்துவிடும். அதே ஈரச் சட்டையோடு இறங்கினால் ஐந்து நிமிடத்தில் நடுக்கம் வந்துவிடும். ஜனவரியில் ஒரு மாலை கையுறை இல்லாமல் இறங்கினேன். கேத்தி தாண்டும்போது விரல்கள் மரத்துப்போய்விட்டன. பிரேக்கைப் பிடிக்க மனசு சொல்கிறது, விரல் மடங்கவில்லை. மணிக்கட்டை வைத்து லீவரை அழுத்தி நிறுத்தி, கையை அக்குளில் வைத்துக்கொண்டு ரோட்டோரம் பத்து நிமிடம் நின்றேன். அதிலிருந்து ஜூனோ ஜனவரியோ, பையில் கம்பளிக் கையுறை இல்லாமல் நான் கிளம்புவதில்லை. உள்ளே உலர்ந்த பனியன், மேலே காற்றுப் புகாத ஜெர்கின், காதை மூடுகிற குல்லா, இவ்வளவும் இறங்குவதற்கு முன்னால் மாட்டியாக வேண்டும். ஜெர்கினை மறந்த நாளில் பழைய செய்தித்தாள் நான்கு மடிப்பு சட்டைக்குள் நெஞ்சில் வைத்துக்கொண்டால் தாங்கும்.

பொதுவாக நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை ஊட்டியில் உறைபனி விழும். குளிர்ந்த காற்று கனமானது, பள்ளத்தில் போய்த் தங்கும். அதனால் தலைகுந்தா, காந்தல் மாதிரிப் பள்ளமான இடங்களில் புல் வெள்ளையாகிவிடும், மேட்டில் ஒன்றும் இருக்காது. நீங்கள் கீழிருந்து வருகிறவர் என்பதால் ஊட்டிக்குள் நுழைகிறபோது வெயில் வந்திருக்கும். இந்த விதத்தில் உங்கள் திசை நல்ல திசை. ஊட்டியில் வீடு, குன்னூரில் வேலை என்று இருக்கிறவர்கள் உறைபனியில் இறங்கி, வேலை முடிந்து களைத்த உடம்போடு இருட்டில் ஏற வேண்டும். அவர்கள் கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். காலையில் ஏறி மாலையில் இறங்குகிறவருக்குத்தான் இந்த மலை சைக்கிளுக்கு இடம் கொடுக்கிறது.

மழையில் இரண்டு பருவத்தையும் நாம் பார்க்க வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கூடலூர், அவலாஞ்சி பக்கம்தான் கொட்டும். நம் ரோட்டில் சாரலும் மேகமுமாக இருக்கும், போகலாம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வருகிற வடகிழக்குப் பருவமழைதான் குன்னூர் பக்கத்துக்கு உரியது. மண் சரிவதும் மரம் விழுவதும் அப்போதுதான். அந்த மூன்று மாதத்தில் கனமழை எச்சரிக்கை வந்த நாளில் பஸ். நவம்பரில் ஆறு மணிக்கு முன்னாலேயே சூரியன் மறைந்துவிடும். பின்னால் சிவப்பு விளக்கு பகலிலும் எரியட்டும், மேகம் இறங்கினால் பத்தடி தள்ளி வருகிறவனுக்கு நாம் தெரிய மாட்டோம்.

இருட்டிய பிறகு இன்னொரு விஷயம். தேயிலைத் தோட்டம் ஒட்டிய வளைவுகளில் காட்டெருமை நிற்கும். சைக்கிளுக்குச் சத்தம் கிடையாது, அதனால் நாம் வருவது அதற்குத் தெரியாது. திடீரென்று பக்கத்தில் போய் நின்றால் மிரண்டு திரும்பும். வளைவுக்கு முன்னால் மணி அடியுங்கள். கண்டால் தூரத்திலேயே நின்றுவிடுங்கள், அது ரோட்டைத் தாண்டி உள்ளே போன பிறகு இன்னும் ஒரு நிமிடம் பொறுங்கள். பின்னால் கன்று வரும்.

வண்டிகளைப் பற்றி. குறுகலான மலை ரோட்டில் இறங்குகிற வண்டிதான் ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது சாலை விதி. உள்ளூர் பஸ் டிரைவர்களுக்கு அது ரத்தத்தில் ஊறியது, சைக்கிளுக்கும் இடம் கொடுப்பார்கள். வெளியூர்க் கார்களிடம் அதை எதிர்பார்க்காதீர்கள். 2024 மே முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் இருந்தாலும் சீசனில் கூட்டம் கூட்டம்தான். ஆனால் அந்த நெரிசல்தான் சைக்கிளின் அருமையைக் காட்டியது. சாதாரண நாளில் பஸ் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் கொண்டுவிடும், சைக்கிளைவிட அரை மணி லாபம். மே மாதம் மலர்க் கண்காட்சி நேரத்தில் அதே பஸ் எப்போது போய்ச் சேரும் என்று டிரைவருக்கே தெரியாது. என் சைக்கிள் நேரம் ஐந்து நிமிடம் கூடும், அவ்வளவுதான். நின்றிருக்கிற கார்களின் ஓரமாக மெதுவாக ஏறிப் போய்க்கொண்டே இருப்பேன். நான் கிளம்புகிற நேரம் தெரிந்தால் வந்து சேர்கிற நேரமும் தெரியும். இந்த ஒரு நிச்சயத்துக்காகத்தான் இத்தனை வருடமாக நான் இதை விடாமல் இருக்கிறேன்.

எலக்ட்ரிக் சைக்கிளைப் பற்றியும் கேட்பீர்கள். 250 வாட் மோட்டார், 25 கிமீ வேகத்துக்கு உட்பட்டது என்றால் லைசென்சும் வேண்டாம், பதிவும் வேண்டாம். 50 நிமிடம் முதல் ஒரு மணிக்குள் ஊட்டி வந்துவிடலாம். ஆனால் விலை குறைந்த மாடல்களில் பேட்டரி 280 வாட்-மணியை ஒட்டித்தான் இருக்கும். மிதிக்காமல் மோட்டாரை மட்டும் நம்பி ஏறினால் ஊட்டி வருவதற்கும் சார்ஜ் தீர்வதற்கும் சரியாக இருக்கும். குளிர்காலக் காலையில் அதுவும் குறையும். பாதி பாரத்தை நீங்கள் மிதித்தால் பாதி மிச்சம் இருக்கும், மோட்டாரும் சூடாகாது. திரும்பி வருவது இறக்கம் என்பதால் பேட்டரிக் கவலை இல்லை. ஆனால் ஊட்டியிலிருந்து கிளம்பினதும் முதலில் ஒரு ஏற்றம் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். ஐம்பது வயதுக்கு மேலானவர்களுக்கு நான் தயங்காமல் இதைத்தான் சொல்கிறேன்.

வீட்டுக்கு இன்னும் அட்வான்ஸ் கொடுக்கவில்லை என்றால் ஒரு யோசனை. குன்னூருக்குப் பதிலாக எல்லநள்ளி, கேத்தி பக்கம் வீடு பாருங்கள். மிச்சம் இருக்கிற ஏற்றம் 200 மீட்டருக்குள்தான். என் கணக்கில் அரை மணி நேரம், நடுவில் ஓய்வெடுத்தாலும் முக்கால் மணிக்குள் ஆபீஸ் வாசலில் இருப்பீர்கள். அந்த வித்தியாசம் தினமும் காலையில் ஒரு மணி நேரத் தூக்கம். நான் வீடு மாற்றியதற்கு வேறு காரணமே இல்லை.

குன்னூர்தான் முடிவு என்றால், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு, சுற்றுலா வண்டிகள் வருவதற்கு முன்னால், பை எடையோடு ஒரு தடவை ஏறிப் பாருங்கள். எல்லநள்ளியில் இறங்கி மணியைப் பாருங்கள். அங்கே 65 நிமிடத்துக்குள் வந்திருந்தால், டீயும் குடித்துவிட்டு, ஏழரைக்குக் கிளம்பி 9.30 ஆபீசுக்குத் தலை வாரி உட்காரலாம். 80 நிமிடம் ஆகியிருந்தால் முதல் இரண்டு மாதம் ஏழு மணிக்குக் கிளம்புங்கள். அதற்கும் மேலே போனால், முன் செயின் சக்கரத்துப் பல்லை எண்ணிவிட்டு எனக்கு எழுதுங்கள்.